மோட்டர் ஓடினால் சென்சர் குதிக்கிறது: கப்பாசிற்றர் வாங்க முதல் செய்ய வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் விளங்க வேண்டுமே. ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவின் தோட்டக் கிணறு. அதற்குள் 0.5 முதல் 4.5 வோல்ற் வரை தருகிற அழுத்த சென்சர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள், 10 மீற்றர் ஆழம் வரை அளக்கிற வகை. அங்கிருந்து 35 மீற்றர் நெற்வேர்க் கேபிள் மோட்டர் கொட்டிலுக்கு வருகிறது. வருகிற வோல்ற்றை இரண்டு ரெசிஸ்ரரால் பாதியாக்கி ஈ.எஸ்.பி.32 என்ற, வைபை உள்ள சின்னக் கணினிப் போர்டின் உள்ளீட்டில் வாசிக்கிறீர்கள், ஒரு செக்கனுக்கு ஒரு தடவை. போர்டுக்குக் கரண்ட் போன் சார்ஜரில் இருந்து. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று போர்டின் நெகற்றிவை ஸ்ராட்டர் பெட்டியின் எர்த் ஆணியிலும் பிடித்திருக்கிறீர்கள். இப்போது மோட்டர் ஓடினால் நீர்மட்டம் ஏழெட்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் ஆடுகிறது. மோட்டர் நின்ற பிறகும் வரைபில் மெதுவான அலை ஒன்று தெரிகிறது. பொழுதுபட்ட பிறகு இடைக்கிடை ஊசி மாதிரி ஒரு பாய்ச்சல், சில நேரம் மீற்றர் கணக்கில். எந்தக் கப்பாசிற்றர் போடலாம், இல்லை விலை கூடின சென்சர் வாங்கவா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று வேறு பிரச்சினைகள் ஒரே வரைபில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன, அதுதான் குழப்பம். ஒன்றுக்குச் சரியான கப்பாசிற்றர் மற்றதற்கு ஒன்றும் செய்யாது. சென்சரை மாற்றினால் புதுச் சென்சரும் அதே ஆட்டம் ஆடும், காசு போனதுதான் மிச்சம். இரைச்சல் எந்த வழியால் உள்ளே வருகிறது என்று பிடித்துவிட்டால் மருந்து அநேகமாக மலிவு, சில வேளை ஒரு வயரைக் கழற்றுவதோடு முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒரு சின்ன விஷயம். மோட்டர் ஓடும்போது கிணற்று நீர் உண்மையிலேயே ஆடுகிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் சென்சர் தொங்கினால் அங்கே நீர் சுழலும், சென்சரும் கேபிளோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடும், அதைச் சென்சர் நேர்மையாக அளந்து தருகிறது, அதைப் போய் இரைச்சல் என்று சொல்லக்கூடாது. ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒன்றில் கீழ்ப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டு, கிணற்றுச் சுவரோடு நிமிர்த்திக் கட்டி, சென்சரை அதற்குள் இறக்குங்கள். இது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

அதற்குப் பிறகும் ஆடினால் சோதனைக்கு வருவோம். உங்களுக்குத் தேவை இரண்டு ரோச் பற்றரி, ஒரு பிளாஸ்ரிக் வாளி, ஒரு பவர் பாங்க், மல்ரிமீற்றர். வோல்ற் ஆடுவதைத் திரையில் வரைந்து காட்டுகிற ஒசிலஸ்கோப் இருந்தால் நல்லதுதான், அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஆட்கள் யாரையும் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், ஆனால் அது இல்லாமலும் முக்கால்வாசித் தூரம் போகலாம்.

முதல் சோதனை: சென்சர் கேபிளைக் கொட்டில் பக்கத்தில் கழற்றிவிட்டு, இரண்டு பற்றரியைத் தொடராக வைத்து, மூன்று வோல்ற்றை நேரே போர்டின் உள்ளீட்டுக்கு, அதாவது உங்கள் இரண்டு ரெசிஸ்ரருக்கு முன்னால், கொடுங்கள். பற்றரி ஆடாது. ஆகவே திரையில் எது ஆடினாலும் அது போர்டின் சொந்த ஆட்டம். இதைச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதிர்ந்து போவார்கள். கணக்கைப் பாருங்கள்: உங்கள் சென்சர் 10 மீற்றருக்கு 4 வோல்ற், ஒரு சென்ரிமீற்றருக்கு 4 மில்லிவோல்ற், அதைப் பாதியாக்கினால் 2 மில்லிவோல்ற். ஈ.எஸ்.பி.32இன் 12 பிற் உள்ளீட்டில், அதாவது 3.3 வோல்ற்றை 4096 படியாகப் பிரிக்கிற உள்ளீட்டில், ஒரு படி கிட்டத்தட்ட 0.8 மில்லிவோல்ற். அந்த உள்ளீடு சும்மா இருக்கும்போதே பத்துப் படி ஆடுவது சாதாரணம், வைபை அனுப்பும்போது இன்னும் கூட. பத்துப் படி என்றால் 4 சென்ரிமீற்றர்! உங்கள் ஏழெட்டில் பாதி அங்கேயே வந்துவிடலாம். (வைபை ஓடும்போது வோல்ற்றை இலக்கமாக்குகிற ‘ஏடிசி 2’ என்ற பகுதியின் கால்களை நம்ப வேண்டாம், ‘ஏடிசி 1’இன் கால்களை மட்டும் பாவியுங்கள்.)

இரண்டாவது: அதே பற்றரியைக் கேபிளின் கிணற்றுப் பக்க முனைக்குக் கொண்டுபோய், சிக்னல் வயருக்கும் நெகற்றிவ் வயருக்கும் இடையில் பிடியுங்கள். சென்சர் கழன்றிருக்க வேண்டும், ஐந்து வோல்ற் வயரின் முனையை ரேப் சுற்றித் தனியாக விடுங்கள். மோட்டரை ஓடவிட்டுப் பாருங்கள். கொட்டிலில் அசையாமல் நின்ற அளவீடு இப்போது ஆடினால், 35 மீற்றர் கேபிள் காற்றில் இருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். கேபிளை மோட்டருக்குப் போகிற லைன் வயரோடு சேர்த்துக் கட்டி அதே குழாய்க்குள் விட்டிருந்தால் இது நடக்கும். ஒரு அடியாவது விலத்தி விடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. சென்சரைத் திரும்பப் பூட்டி, ஆனால் கிணற்றுக்குள் விடாமல், பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் போடுங்கள். வாளி நிலத்தில் இருக்கக்கூடாது, காய்ந்த பலகை அல்லது பிளாஸ்ரிக் கதிரை மேல் இருக்கட்டும். மோட்டரை ஓடவிடுங்கள். கிணற்றுக்குள் ஆடினது வாளிக்குள் ஆடாமல் நின்றால், இரைச்சல் காற்றால் வரவில்லை, கேபிளாலும் வரவில்லை, கிணற்றுத் தண்ணீரால் வருகிறது. உங்கள் விஷயத்தில் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். இடையில் கிணற்று நீரிலோ குழாயிலோ கை வைத்து ‘சுரீர்’ என்று பிடித்தால் சோதனையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மோட்டரைப் பார்ப்பிக்க ஆள் கூப்பிடுங்கள், அது சென்சர் வேலை இல்லை, உயிர் வேலை.

ஏன் தண்ணீரால் வரும்? சென்சரின் இரும்பு உடல் பல மலிவு வகைகளில் உள்ளே நெகற்றிவோடு தொடுக்கப்பட்டிருக்கும். மல்ரிமீற்றரில் பீப் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் உங்கள் நெகற்றிவ் வயர் ஒரு முனையில் கிணற்று நீரோடு, அதாவது பூமியோடு, தொட்டுக்கொண்டு நிற்கிறது. மற்ற முனையை நீங்களே ஸ்ராட்டர் பெட்டியின் எர்த்தில் பிடித்துவிட்டீர்கள். இப்போது கிணறு ஒரு பூமி, மோட்டரின் எர்த் கம்பி இன்னொரு பூமி, நடுவில் உங்கள் மெல்லிய வயர் பாலம் போட்டிருக்கிறது. ஒரே வாய்க்காலில் உங்கள் வயல் தண்ணீரும் பக்கத்து வயல் தண்ணீரும் சேர்ந்து ஓடினால் உங்கள் பங்கை எப்படி அளப்பது? அதுதான் இங்கேயும் நடக்கிறது, சென்சரின் சொந்தக் கரண்ட் திரும்பி வருகிற வயரிலேயே மோட்டரின் கசிவுக் கரண்டும் ஓடுகிறது.

இலக்கம் போட்டுப் பார்ப்போம். நெற்வேர்க் கேபிளின் ஒரு வயர் 35 மீற்றருக்கு ஏறக்குறைய 3 ஓம். மோட்டர் ஓடும்போது அந்த வயரால் 10 மில்லிஅம்பியர் ஓடினால் 30 மில்லிவோல்ற் விழும். சென்சர் பக்கம் ஒரு சென்ரிமீற்றருக்கு 4 மில்லிவோல்ற் என்று மேலே சொன்னேன். 30ஐ 4ஆல் பிரித்தால் ஏழரை சென்ரிமீற்றர். நீங்கள் எழுதின அளவோடு பொருந்துகிறது. 10 மில்லிஅம்பியர் கசிவு பழைய மோட்டருக்குப் பெரிய விஷயம் இல்லை, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிற்ச் அதற்கு விழவும் விழாது.

வன்னி மண்ணில் இது காலத்துக்கு ஏற்ப மாறும், இதையும் மனதில் வையுங்கள். நம்முடைய வீடு, தோட்ட இணைப்புகளில் எர்த் என்பது பெரும்பாலும் நாம் நிலத்தில் அடித்த கம்பிதான். மாரியில் ஈரமாக இருக்கும்போது அந்தக் கம்பி நன்றாக வேலை செய்யும், ஆனி ஆடியில் சோளகம் அடித்து மண் வெடித்துக் கிடக்கும்போது அதன் தடை பல மடங்கு ஏறும். அப்போது மோட்டரின் கசிவுக் கரண்டு கம்பியால் நிலத்துக்குள் இறங்கக் கஷ்டப்பட்டு, உங்கள் சென்சர் வயரால் கிணற்றுக்குப் போக வழி தேடும், கிணறுதானே அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஈரமான எர்த். மார்கழியில் பூட்டும்போது வடிவாக ஓடினது ஆடியில் குழம்புகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எர்த் கம்பியைப் பற்றித்தான்.

சரி, மருந்து. போர்டின் நெகற்றிவை ஸ்ராட்டர் பெட்டியில் இருந்து கழற்றுங்கள். கவனம்: கழற்றச் சொல்வது நீங்கள் சேர்த்த அந்த ஒரு வயரை மட்டும். மோட்டர் உடலுக்கும் ஸ்ராட்டர் பெட்டிக்கும் போகிற பச்சை வயரை எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது. ‘எர்த்தைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது’ என்று சந்தோசமாகச் சொல்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், அவர்கள் கழற்றினது ஆளைக் காப்பாற்றுகிற எர்த். இரைச்சல் நிற்கும், ஒரு நாளைக்கு மூச்சும் நிற்கும். அதற்குப் பதிலாகக் கம்பியைப் பார்ப்பியுங்கள், இன்னொரு கம்பி அடிக்கலாமா என்று அனுமதிப்பத்திரம் உள்ள மின்வேலையாளிடம் கேளுங்கள், ட்ரிப் சுவிற்ச்சின் ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கள்.

அந்த வயரைக் கழற்றியவுடன் போன் சார்ஜர் தன் குணத்தைக் காட்டும். இரண்டு முள் சார்ஜர்களின் உள்ளே மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு கப்பாசிற்றர் இருக்கும், அதனால் எர்த் இல்லாமல் விட்டால் வெளியீட்டு நெகற்றிவ் பூமியை விட நூறு வோல்ற் அளவில் மிதக்கும். மல்ரிமீற்றர் அப்படிக் காட்டினால் பயப்படாதீர்கள், நல்ல சார்ஜர் என்றால் அதற்குப் பின்னால் இருக்கிற கரண்ட் மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறியதும், அதோடு சார்ஜரின் வேகமான சுவிற்சிங் இரைச்சலும், போர்டு, கேபிள், சென்சர், கிணறு என்ற வழியால்தான் பூமிக்குப் போகும். இங்கேதான் பவர் பாங்க் வருகிறது: சார்ஜரைக் கழற்றிப் பவர் பாங்கில் ஓட்டிப் பாருங்கள். அளவீடு சட்டென்று அமைதியானால் சார்ஜர்தான் குற்றவாளி. நிரந்தரத் தீர்வாக நான் சொல்வது சின்ன சோலார் பனல், 12 வோல்ற் பற்றரி, அதில் இருந்து 5 வோல்ற்றாக இறக்கிப் போர்டு. மெயின்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் மோட்டரின் கசிவுக்கு உங்கள் வயரில் வேலை இல்லை. வன்னியில் வெயிலுக்கா பஞ்சம்?

மெயின்ஸில்தான் ஓட வேண்டும், அல்லது கழற்றியும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது என்றால் கேபிளையே புத்தியாகப் பாவியுங்கள். நெற்வேர்க் கேபிளில் நாலு சோடி முறுக்கிய வயர் இருக்கிறது, நீங்கள் மூன்று வயரை ஏதோ நிறத்தைப் பார்த்துப் பிடித்திருப்பீர்கள். இப்படி மாற்றுங்கள்: ஒரு சோடியில் ஐந்து வோல்ற்றும் நெகற்றிவும். இன்னொரு சோடியில் சிக்னலும், சென்சரின் நெகற்றிவ் முனையிலேயே தொடங்குகிற இன்னொரு வயரும். இந்த நாலாவது வயரில் சென்சரின் கரண்ட் ஓடாது, அது வெறும் சாட்சி, ‘சென்சர் பக்கத்தில் பூச்சியம் எங்கே இருக்கிறது’ என்று கொட்டிலுக்கு வந்து சொல்லும். ஏ.டி.எஸ்.1115 என்ற 16 பிற் சில்லு பூட்டின சிறிய போர்டு ஒன்று வாங்குங்கள், கொழும்பில் இருந்து தபாலில் வரும். அதில் இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தை அளக்கிற வசதி இருக்கிறது. சிக்னலுக்கும் சாட்சி வயருக்கும் இடையில் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்ரர், நடுப்புள்ளி ஒரு உள்ளீட்டுக்கு, சாட்சி வயர் மற்ற உள்ளீட்டுக்கு. வயரில் விழுகிற 30 மில்லிவோல்ற் இரண்டு உள்ளீட்டிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கும், கழித்தால் போய்விடும். நீங்கள் கேட்ட கப்பாசிற்றரும் இங்கேதான் வரும்: நடுப்புள்ளிக்கும் சாட்சி வயருக்கும் இடையில் 10 மைக்ரோபரட். இரண்டு 10 கிலோஓம் சேர்ந்து 5 கிலோஓம் மாதிரி நிற்கும், அதோடு 10 மைக்ரோபரட் என்றால் வெட்டு 3 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது அதை விட வேகமான ஆட்டம் குறையத் தொடங்கும், 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கிணற்று நீர் செக்கனுக்கு மூன்று தடவை ஏறி இறங்கப் போவதில்லை, ஆகவே இழப்பு ஒன்றும் இல்லை. ஏ.டி.எஸ்ஐ 3.3 வோல்ற்றில் ஓட்டுங்கள், அப்போது ஈ.எஸ்.பி.யோடு நேரே கதைக்கும்.

விலை கூடின சென்சர் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அதே 0.5–4.5 வோல்ற் வகையில் விலை கூடினது வாங்குவது வீண். மாற்றுவதென்றால் வகையை மாற்றுங்கள், 4–20 மில்லிஅம்பியர் இரண்டு வயர் சென்சருக்கு. அதில் நீர்மட்டம் கரண்டாக வருகிறது, வயரில் மூன்று ஓம் இருந்தாலும் முப்பது ஓம் இருந்தாலும் அதே கரண்ட்தான். கொட்டிலில் 150 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றில் இறக்கினால் 0.6 முதல் 3 வோல்ற். 24 வோல்ற் வேண்டும், அவ்வளவுதான் கரைச்சல். கிணறு நூறு மீற்றர் தள்ளி இருந்திருந்தால் நான் இந்த மற்றக் கதை ஒன்றும் சொல்லாமல் நேரே இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது முறைப்பாடு, மோட்டர் நிற்கும்போது வருகிற மெதுவான அலை. இது ஒரு ஏமாற்று. அப்படி ஒரு அலை கிணற்றிலும் இல்லை, வயரிலும் இல்லை. நீங்கள் செக்கனுக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்க்கிறீர்கள். மெயின்ஸ் செக்கனுக்கு 50 சுற்று, ஆனால் சரியாக 50 இல்லை, 49.9, 50.1 என்று எப்போதும் கொஞ்சம் அலைந்துகொண்டிருக்கும். 49.9இல் இருக்கும்போது ஒவ்வொரு தடவை நீங்கள் பார்க்கும்போதும் சுற்று பத்தில் ஒரு பங்கு பிந்தி நிற்கும், பத்துச் செக்கனில் ஒரு முழு அலை வரைந்துவிடுவீர்கள். வேகமான இரைச்சல் மெதுவான நீர்மட்டம் மாதிரி வேடம் போட்டு வருகிறது. வேடத்தைக் கலைப்பது சுலபம்: நிரலில் இருக்கிற 1000 மில்லிசெக்கனை 1005 ஆக்குங்கள். கிணற்றில் உண்மையான அலை என்றால் வரைபு மாறாது. ஏமாற்று என்றால் அந்த மெதுவான அலை காணாமல் போய், நாலு அளவீட்டுக்கு ஒரு தடவை திரும்பி வருகிற கிடுகிடுப்பாக மாறும். ஒரு இலக்கத்தை மாற்றிச் செய்கிற சோதனை, இதைச் செய்யாமல் இரவில் கிணறு ஊறுகிறது, வற்றுகிறது என்று விளக்கம் தேடி அலைய வேண்டாம்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று மேலே சொன்ன ரெசிஸ்ரர்–கப்பாசிற்றர் வடிகட்டி, அது சில்லுக்கு முன்னால் இருக்க வேண்டும், அளந்து முடிந்த பிறகு நிரலால் இந்த ஏமாற்றை எடுக்க முடியாது. மற்றது வாசிக்கிற முறை: ஒரு தடவை வாசிக்காமல், 1 மில்லிசெக்கன் இடைவெளியில் 200 தடவை வாசித்துச் சராசரி எடுங்கள். 200 மில்லிசெக்கன் என்றால் மெயின்ஸின் சரியாகப் பத்துச் சுற்று, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த முறை ஈ.எஸ்.பி.யின் சொந்த உள்ளீட்டுக்கு. ஏ.டி.எஸ்.1115 அவ்வளவு வேகமாக ஓடாது, உச்சம் செக்கனுக்கு 860, அங்கே அந்த வடிகட்டியை நம்புங்கள்.

மூன்றாவது, பொழுதுபட்ட பிறகு வருகிற ஊசி. பக்கத்தில் யானை வேலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோரத் தோட்டம், பகலில் இல்லை, இரவில் மட்டும் என்றால் என் சந்தேகம் வேறு எங்கும் போகாது. அந்த வேலிப் பெட்டிகள் செக்கனுக்கு ஒன்று அல்லது அதை விட மெதுவாக, பல ஆயிரம் வோல்ற் துடிப்பை ஒரு கணம் மட்டும் வயரில் அனுப்புகின்றன. பல பேர் அதைப் பின்னேரம் போட்டுக் காலையில் நிறுத்துவார்கள். துடிப்பு மிகக் குறுகியது, நீங்களோ செக்கனுக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கிறீர்கள், ஆகவே பெரும்பாலான துடிப்புகள் உங்கள் கண்ணில் படாது, இரண்டும் ஒரே நேரத்தில் விழுகிறபோது மட்டும் ஊசி. ‘இடைக்கிடை’ என்று நீங்கள் எழுதினது இதனால்தான்.

உறுதிப்படுத்த ஒரு பழைய பற்றரி றேடியோ போதும், மத்திய அலை வரிசை இருக்க வேண்டும், போனில் இருக்கிற எப்எம் சரிவராது. நிலையம் ஒன்றும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டி, கேபிளோடு நடந்து போங்கள். வேலி என்றால் ‘டிக்... டிக்...’ என்று ஒரே தாளத்தில் கேட்கும். கெட்ட சார்ஜர், கெட்ட எல்ஈடி பல்ப் என்றால் தொடர்ந்து இரைகிற சத்தம், பக்கத்தில் கொண்டுபோகக் கூடும், கழற்றினால் நிற்கும். இந்த முறையாலேயே வேலியில் எங்கே செடி முட்டிப் பொறி பறக்கிறது என்றும் பிடிக்கலாம், அந்த இடத்தில் டிக் சத்தம் கூடும். செடியை வெட்டி, துருப்பிடித்த முடிச்சுகளைத் திரும்ப இறுக்கினால் வேலிக்காரருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வேலிப் பெட்டியின் எர்த் கம்பி மோட்டரின் எர்த் கம்பியில் இருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். பெட்டி இல்லாமல் லைன் கரண்டை நேரே கம்பியில் விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது சட்டவிரோதம், யானையோடு ஆளையும் கொல்லும், அப்படி ஒரு வேலி பக்கத்தில் இருந்தால் சென்சரை மறந்துவிட்டு முதலில் அதை நிற்பாட்டப் பாருங்கள்.

நிரலில் இந்த ஊசிக்குச் சராசரி உதவாது. பத்து அளவீட்டில் ஒன்று நாலு மீற்றர் பிழைத்தால் சராசரி நாற்பது சென்ரிமீற்றர் பிழைக்கும். ஒன்பது அளவீட்டை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், ஊசி வரிசையின் ஓரத்துக்குப் போய்விடும், நடுவைத் தொடாது. அப்புறம் வேண்டுமானால் அந்த நடுக்களைச் சராசரி எடுங்கள். ஒழுங்கு முக்கியம், முதல் நடு, பிறகு சராசரி. ஆனால் வடிகட்டாத அளவீட்டையும் எங்காவது சேமித்து வையுங்கள். நிரலால் எல்லாவற்றையும் மழுப்பிவிட்டால், பிறகு உண்மையில் ஏதாவது பழுதானாலும் உங்களுக்குத் தெரியாது.

ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு பக்கக் கதை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை, நெல் நிறுக்கிற தொட்டி, அதன் நிறையை வோல்ற்றாக மாற்றுகிற லோட் செல் நாலு. எலிவேற்றர் மோட்டருக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டின நாளில் இருந்து நிறை நிற்கவில்லை, லோட் செல்லையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். லோட் செல் வோல்ற்றுக்கு 2 மில்லிவோல்ற் வகை, 5 வோல்ற் கொடுத்தால் முழு நிறைக்கு வெறும் 10 மில்லிவோல்ற், ஆயிரம் கிலோத் தொட்டி என்றால் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோவோல்ற். அந்த வயரும், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை நூற்றுக்கணக்கான வோல்ற்றை வெட்டி வெட்டி விடுகிற மோட்டர் வயரும் ஒரே தகரத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. மோட்டருக்குக் கவசம் போட்ட கேபிள் இழுத்து, அந்தக் கவசத்தை இரண்டு முனையிலும் உலோகத்தோடு நன்றாக இறுக்கி, லோட் செல் கேபிளை வேறு வழியால் கொண்டுபோய், அதன் கவசத்தை நிறை காட்டுகிற இன்டிகேற்றர் பக்கத்தில் மட்டும் பிடித்தோம். நிறை நின்றது. இரைச்சல் கிளம்புகிற கேபிளுக்குக் கவசம் இரண்டு முனையிலும், இரைச்சலுக்குப் பயந்த மெல்லிய சிக்னல் கேபிளுக்கு ஒரு முனையில், என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். சோலார் நீர்ப் பம்பிகளின் பெட்டிகளும் இதே சாதிதான், பக்கத்துத் தோட்டக்காரர் பூட்டினால் நினைவு வரட்டும்.

மிச்சம் சில்லறை. மோட்டர் போடும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் போர்டு தானாக நின்று புதிதாகத் தொடங்கினால் அது ஸ்ராட்டர் பெட்டிக்குள் மோட்டரைப் போட்டு நிறுத்துகிற கொன்ராக்ரரின் சுருள், அதற்குக் குறுக்கே 100 ஓம்மும் 0.1 மைக்ரோபரட்டும் சேர்ந்த பொறியடக்கி பூட்டப்பட வேண்டும், கப்பாசிற்றர் ‘எக்ஸ்2’ வகையாக இருக்க வேண்டும், மெயின்ஸ் பக்க வேலை என்பதால் மின்வேலையாளைக் கொண்டு செய்வியுங்கள். வைபை அனுப்பும் நேரத்தில் வாசிக்காதீர்கள், வாசித்து முடித்துவிட்டு அனுப்புங்கள். சென்சர் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக் குழாய் இருந்தால் அதன் வாயை அடைக்கக்கூடாது, வெளிக் காற்றழுத்தத்தைக் கழிப்பது அந்தக் குழாய்தான், அதற்குள் தண்ணீர் போனால் நாட்கணக்கில் மெதுவாக நகருகிற பிழை வரும், அது மின் இரைச்சலே இல்லை. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி இறங்குகிற நாட்களில் 35 மீற்றர் கேபிள் போர்டில் பூட்டியபடி இருந்தால் போர்டு போகும், கழற்றுகிற மாதிரி ஒரு பிளக் வைத்துவிடுங்கள்.

இப்போது செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்: பற்றரி கொட்டிலில் வைத்தபோது எத்தனை படி ஆடியது, கிணற்று முனையில் வைத்தபோது எத்தனை, வாளியில் எத்தனை, பவர் பாங்கில் எத்தனை, ஒவ்வொன்றும் மோட்டர் ஓடும்போதும் நிற்கும்போதும். சென்சர் உடலுக்கும் நெகற்றிவுக்கும் பீப் வந்ததா இல்லையா என்பதும் வேண்டும். வடிகட்டாத அளவீட்டை ஐந்து நிமிடத்துக்கு அப்படியே போடுங்கள், வரைபாக வேண்டாம், இலக்கங்களாக.